சங்கு ஊதும் 6.20

பிப்ரவரி 15, மாலை 6.20. ஆண்டுதோறும் இந்த நேரத்துக்குச் சிங்கப்பூர் முழுக்க அபாயச் சங்கு ஒலிக்கும். 1942-ல் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்ததன் நினைவு. எங்கள் புளோக்கில் பாதி வீடுகளில் அப்போதுதான் குக்கர் அடுப்பில் இருக்கும். விசிலா சங்கா என்று ஒரு நொடி குழம்பும். இந்த முறை மகள் கேட்டாள்: "ஜப்பான்காரங்க எதுக்குப்பா இங்க வந்தாங்க?"

"இந்தோனேசிய எண்ணெய்க்குத்தாம்மா. போற வழியில நாம இருந்தோம்."

"காசு குடுத்து வாங்கியிருக்கலாமே?"

நியாயம்தானே. உண்மையில் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். ஜப்பானுக்கு வேண்டிய எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அப்படியானால் எண்ணெய் ஆசை என்ற பதில் பாதிதான். பேசி முடித்திருக்கக்கூடிய ஒன்று ஏன் பீரங்கியில் போய் முடிந்தது?

ஒரு வீட்டுத் தகராற்றை எடுத்துக்கொள்வோம். அண்ணனும் தம்பியும் அப்பாவின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்காகச் சண்டை. வீடு 5 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கோர்ட்டுக்குப் போனால் வக்கீலுக்கு ஆளுக்கு 50,000. தீர்ப்பு பாதிக்குப் பாதி வரும் என்று இருவருக்கும் தெரியும் என்றால், கையில் மிஞ்சுவது ஆளுக்கு 2 லட்சம். பேசித் தீர்த்தால், அண்ணன் 2 லட்சத்துக்கு மேல், 3 லட்சத்துக்குள் எதை வாங்கிக்கொண்டாலும் இருவருக்குமே லாபம். போரும் இப்படித்தான். இரு பக்கமும் எரிந்துபோகும் உயிரையும் பணத்தையும் கணக்கில் சேர்த்தால், காகிதத்திலாவது ஒரு சமரசம் எப்போதும் இருக்கும்.

அப்புறம் ஏன் சண்டை? அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் ஃபியரன் 1995-ல் இந்தப் புதிரைத்தான் கையில் எடுத்தார். முதலாவது, எதிராளியின் பலமும் பிடிவாதமும் நமக்குச் சரியாகத் தெரியாது. அவரும் கூட்டித்தான் சொல்வார். இரண்டாவது, இன்று கொடுக்கும் வாக்கை நாளை காப்பாற்றுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாடுகளுக்கு மேலே அடித்துக் கேட்க ஒரு போலீஸ்காரரும் இல்லை. மூன்றாவதாக, சில பொருள்களைப் பங்குபோடவே முடியாது என்பார்கள். ஃபியரன் இதற்கு அவ்வளவு எடை தரவில்லை. எனக்கென்னவோ, மானப் பிரச்சினை என்று வந்துவிட்டால் இதுதான் பெரிது என்று படுகிறது.

இப்போது 1941-க்கு வருவோம். சீனாவில் ஜப்பான் நான்கு ஆண்டுகளாகப் போரில் சிக்கியிருந்தது. ஜூலையில் அதன் படை தெற்கு இந்தோசீனாவுக்குள் (இன்றைய வியட்நாம் பக்கம்) நுழைந்ததும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. கையிருப்பு சுமார் இரண்டு ஆண்டு தாங்கும். யோசிக்கும் ஒவ்வொரு நாளும் கப்பலும் விமானமும் அதைக் குடித்துக்கொண்டிருந்தன. சீனாவை விட்டு வெளியேறு என்றது அமெரிக்கா. வெளியேறினால் நாளை வேறொன்றைக் கேட்கமாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? மறுபக்கம், எண்ணெயைத் திறந்துவிட்டால் ஜப்பான் இத்தோடு நிற்கும் என்று அமெரிக்காவும் நம்பவில்லை. போதாக்குறைக்கு, சீனாவில் இத்தனை பேரைப் பலிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவதா என்ற ராணுவத்தின் வீம்பு. ஓங்கி ஓர் அடி அடித்தால் அமெரிக்கா பேச்சுக்கு வரும் என்ற தப்புக்கணக்கு. ஜப்பானியப் படையைக் குறைவாக எடைபோட்ட பிரிட்டிஷாரின் தப்புக்கணக்கு இன்னொன்று.

நம் புறத்திணை இலக்கணம் மாடு கவர்ந்தால் வெட்சி, மண்ணாசை என்றால் வஞ்சி, தன் வலிமையைக் காட்டவே மோதினால் தும்பை என்று பிரிக்கும். 1941-ல் மூன்று பூவையும் ஒரே தலையில் சூடியிருந்தார்கள்.

இதெல்லாம் அரசுகளின் கணக்கு. துப்பாக்கி தூக்கும் ஆளின் கணக்கே வேறு. சரணடைந்து இரண்டு நாள் கழித்து, சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் திடலில் பிரிட்டிஷார் தங்கள் படையின் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அங்கேயே இந்திய தேசிய ராணுவத்தில் சேர அழைப்பு வந்தது. விடுதலைக்காகச் சேர்ந்தவர் உண்டு, கைதி முகாமுக்குப் பயந்து சேர்ந்தவர் உண்டு, மாட்டேன் என்றவரும் உண்டு. 1943-ல் நேதாஜி வந்த பிறகு, இந்தியாவைக் கண்ணால் பார்த்திராத ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்கூட ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். டோக்கியோவின் எண்ணெய்க் கணக்கு அவர்களுக்கு எதற்கு?

மகள் விடவில்லை. "அப்ப நமக்கும் மலேசியாவுக்கும் சண்டை வந்தா?" வந்ததே! பெட்ரா பிராங்கா தீவு யாருக்கு என்று 1979-ல் கிளம்பிய தகராறு. தீர்ப்பு எதுவானாலும் ஏற்போம் என்று முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, இரு நாடும் 2003-ல் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போயின. 2008-ல் தீவு சிங்கப்பூருக்கு, பக்கத்திலுள்ள மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு என்று தீர்ப்பு வந்தது. மூன்றாவதான சவுத் லெட்ஜ், கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் பாறை. அது யாருடைய கடல் எல்லைக்குள் வருகிறதோ அவருக்கே என்று சொல்லிவிட்டார்கள். எல்லை எங்கே என்பது தனிக் கதை.