ஜூரிக்கு நீதிபதி சொல்ல வேண்டியதும் சொல்லக் கூடாததும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வன்புணர்வு வழக்குகளை, கடுமையான குற்றங்களை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டில், பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 12 பேர் கொண்ட ஜூரி கேட்கிறது. சட்டத்தை நீதிபதி விளக்குவார்; யாரை நம்புவது என்பதை ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேரும் கோர்ட்டுக்குள் வரும்போதே சில முன்முடிவுகளோடு வந்துவிடக்கூடும். அவற்றைக் களைவதற்குத்தான் நீதிபதியின் அறிவுறுத்தல்.

"உண்மையென்றால் ஏன் உடனே சொல்லவில்லை?" என்பது அவற்றில் மிகப் பிடிவாதமானது. அதிர்ச்சியும் வெட்கமும் குற்ற உணர்வும் வாயைக் கட்டிப்போடலாம் என்று நீதிபதி ஜூரிக்கு நினைவூட்டலாம்; 2008-ல் டூடி வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது. இங்கே சொற்களில் கவனம் தேவை. தாமதித்ததால் மட்டுமே புகார் பொய்யாகிவிடாது, உடனே சொன்னதால் மட்டுமே உண்மையாகியும் விடாது: இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் நீதிபதி ஒரு தரப்புக்குச் சாய்ந்துவிட்டார் என்ற மேல்முறையீட்டுக்கு அதுவே வழிவிடும். அழாமல் சாட்சி சொன்னவர், எதிர்த்துப் போராடாதவர், காயமில்லாதவர் ஆகியோர் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும்.

முன்பு நிலைமை தலைகீழாக இருந்தது. புகார்தாரரின் சாட்சியத்தை வேறு ஆதாரமில்லாமல் நம்புவது ஆபத்து என்று நீதிபதி கட்டாயம் எச்சரிக்க வேண்டியிருந்தது. பெண்களை அவமதித்த அந்தக் கட்டாயத்தை 1994-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதி மற்றும் பொது ஒழுங்குச் சட்டத்தின் 32-வது பிரிவு நீக்கியது. இன்று எச்சரிக்கை தேவையென்றால், அதற்கான அடிப்படை அந்த வழக்கின் சாட்சியத்திலேயே இருக்க வேண்டும். பாலியல் வழக்கு என்பது மட்டும் போதாது.

புகார்தாரர் தோழியிடமோ தாயிடமோ முன்பு சொன்னதும் சாட்சியமாக வரலாம். அதில் ஜூரி எளிதில் சறுக்கும். ஐந்து பேரிடம் சொல்லியிருந்தாலும் ஊற்று ஒருவரே. அது தனி ஆதாரம் ஆகாது என்று நீதிபதி விளக்க வேண்டும். சொன்னது மாறாமல் இருக்கிறதா, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்பவற்றை எடைபோடலாம்.

எப்போது சொல்வது என்பதும் முக்கியம். முன்முடிவுகளைப் பற்றிய அறிவுறுத்தலை வழக்கின் கடைசியில் மட்டும் சொன்னால், ஜூரி அதற்குள் எல்லாச் சாட்சியத்தையும் பழைய கண்ணாலேயே பார்த்திருக்கும். ஆகவே தொடக்கத்திலேயே சொல்லி, முடிவில் மீண்டும் நினைவூட்டுவதே நல்லது.

இறுதியில் கேள்விகளை எழுத்தில் கொடுப்பது பேருதவி. உடலுறவு நடந்ததில் தகராறு இல்லாத வழக்கில் கேள்விகள் பெரும்பாலும் மூன்று: புகார்தாரர் சம்மதிக்கவில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோமா? இல்லையென்றால் விடுதலை. ஆமென்றால், சம்மதம் இருப்பதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையிலேயே நம்பியிருக்கக்கூடுமா? நம்பியிருக்கக்கூடும் என்றால், அந்த நம்பிக்கை நியாயமானதாக இருந்திருக்கக்கூடுமா? மூன்றிலும் நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பின் மீதே இருக்கிறது.