14 வருஷம் முடிந்தால் விட்டுவிடுவார்களா?

கேப்பர் மலையில் இருக்கும் கடலூர் மத்திய சிறைக்கு ஆயுள் கைதிகளைச் சந்திக்க (மனு பார்க்க) வரும் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். "14 வருஷம் ஆயிடுச்சு சார், ஏன் இன்னும் விடல?"

விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஆயுள் தண்டனை என்றால் உயிர் உள்ளவரை சிறைதான் என்று 1961லேயே கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1978ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ பிரிவைச் சேர்த்தார்கள். கொலை போல மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்தில் ஆயுள் பெற்றவரை, 14 ஆண்டு உள்ளே இருக்காமல் அரசு விடுவிக்கக் கூடாது என்றது அது. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அதுவே 475ஆம் பிரிவு. 14 முடிந்தால் பரிசீலிக்கலாம், அவ்வளவுதான்.

அந்த 14ஐ எண்ணுவதிலும் குழப்பம் உண்டு. நன்னடத்தைக்காகக் கழித்துத் தரும் நாட்கள் இதில் சேராது. பரோலில் வீட்டில் இருந்த நாட்களும் சேராது என்று 2023ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாரணைக் கைதியாக இருந்த காலம் சேரும்.

சரி, 10 வருஷத்திலேயே சிலர் வந்தார்களே? 2018ல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி வந்த அரசாணைப்படி விடுதலையானவர்கள் அவர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 161ஆம் பிரிவில் ஆளுநருக்கு உள்ள, தண்டனையைக் குறைக்கும் அதிகாரத்தை 433ஏ தடுக்காது. ஆனால் எந்தெந்தக் குற்றத்துக்குச் சலுகை கிடையாது என்ற பட்டியலும் அந்த அரசாணையிலேயே இருந்தது.

நம் பகுதிக்காரர்கள் தடுமாறுவது எல்லையில்தான். வீடு கடலூரில், சம்பவம் புதுச்சேரியின் பாகூர் பக்கம், தீர்ப்பு புதுச்சேரி நீதிமன்றத்தில் என்றால் தமிழ்நாட்டு அரசாணை அவருக்குப் பொருந்தாது. தண்டனை எந்த மாநிலத்து நீதிமன்றம் கொடுத்ததோ அந்த அரசுதான் முடிவெடுக்க வேண்டும். 2002 குஜராத் கலவரத்தில் நடந்த கொடுமை பற்றிய பில்கிஸ் பானு வழக்கில் குஜராத் அரசு கொடுத்த விடுதலை 2024 ஜனவரியில் ரத்தானது இதனால்தான். தீர்ப்பு மகாராஷ்டிராவில் வழங்கப்பட்டிருந்தது. புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அங்கே 161ஆம் பிரிவும் இல்லை. அதற்கு இணையான மன்னிப்பு 72ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவரிடம். புதுச்சேரியின் காலாப்பட்டு சிறையில் இருப்பவருக்காகச் சென்னைக்கு மனு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

அப்புறம், பரிசீலனைக்காகக் கேட்கும் அறிக்கைகள். நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வருவார். வெளியே வந்தால் எங்கே தங்குவார், யார் சோறு போடுவார், எதிர்த் தரப்புக் குடும்பம் என்ன நினைக்கிறது என்று கேட்பார். வீட்டில் ஒருவர் இருந்து பதில் சொல்லுங்கள். போலீஸ் தரப்பில் சில நேரம் "விடுவித்தால் சட்டம் ஒழுங்கு பாதிக்கும்" என்று ஒரே வரி வரும். வருடக்கணக்கில் ஒழுங்காக இருந்த மனிதனை அந்த ஒரு வரி மறுபடி உள்ளே தள்ளுவது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

முன்விடுதலைக் கொள்கை (தண்டனை முடியும் முன்பே விடுவிப்பதற்கான விதிகள்) உள்ள மாநிலங்களில் தகுதியானவர்களை மனு இல்லாமலே பரிசீலிக்க வேண்டும், நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. காரணமே இல்லாத நிராகரிப்பு வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசின் முடிவை எதிர்க்கும் மனு) போடலாம். அந்த நிராகரிப்புக் கடிதத்தோடு தீர்ப்பு நகலையும் கொண்டுவாருங்கள். தண்டனை பெற்ற தேதியில் இருந்த கொள்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார்.