பாக்கு நீரிணை: அது எந்தப் பாக்கு?

இரண்டு நிலங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடந்து, இரண்டு பெரிய கடற்பரப்புகளைத் தொடுத்துவிடும் நீர்ப்பகுதிக்கு நீரிணை என்று பெயர். யாழ்ப்பாணத்தார் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. பருத்தித்துறை முனையில் நின்று வடக்கே பார்த்தால் முன்னால் கிடப்பது பாக்கு நீரிணைதான். மறுகரை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அப்படியொன்றும் தூரமும் இல்லை. காங்கேசன்துறையில் இருந்து தமிழ்நாட்டின் கோடிக்கரைக்கு நேர்கோடு போட்டால் 60 கிலோமீற்றருக்குள் அடங்கும். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் வல்வெட்டித்துறையில் இறங்கி, நீந்தியே கோடிக்கரை போய்ச் சேர்ந்தார்.

சரி, பாக்கு எங்கிருந்து வந்தது? கொட்டைப்பாக்கு ஏற்றிய தோணிகள் போன கடல் என்பதால் வந்த பெயர் என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. இலங்கைப் பாக்கு சோழமண்டலக் கரைக்கு ஏற்றுமதியானது உண்மைதான். பெயருக்கும் அதற்கும் ஒட்டில்லை. 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்ற ஆங்கிலேயரின் பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பனியிடம் பாதிரியாராக வேலைக்கு வந்து கவர்னர் நாற்காலி வரை ஏறியவர். ஆங்கில எழுத்தில் அவர் பெயருக்குள் ஒரு 'ல்' உண்டு. 'வாக்', 'டாக்' என்னும் சொற்களில் போலவே அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. 'பால்க்' என்று எழுதுகிறவர்கள் எழுத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். 'பாக்' என்று காதில் விழுந்ததைத் தமிழ் நாக்கு தன் வழக்கப்படி உகரம் சேர்த்துப் 'பாக்கு' ஆக்கியது. பாங்கு, கேக்கு எல்லாம் இதே கதைதான்.

அந்தக் கவர்னருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் கடலில் கப்பல்கள் போய்வந்தன, உடைந்தும் போயின. நயினாதீவில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் வெளிநாட்டு வணிகருக்கான சட்டம் அதில் இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மிச்சம் உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் சரிபாதி. கப்பல் உடைவதற்கென்று கல்லில் சட்டம் வெட்டி வைக்கும் அளவுக்கு இது ஆழம் குறைந்த, திட்டுகள் நிறைந்த கடல். பெரிய கப்பல்கள் இன்றைக்கும் இதற்குள் நுழையாமல் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.

இனி நீரிணைக்கு வருவோம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் 'ஜலசந்தி' என்ற சொல் இன்னும் நடமாடுகிறது. ஜலம் நீர், சந்தி சேருமிடம். நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறும் நமக்கு 'சந்தி' பழகிய சொல்தான். அதே பொருளை இரண்டு பாகமும் தமிழாக நின்று சொல்கிறது நீரிணை. இலங்கையிலும் மலேசியாவிலும் இதுதான் வழக்கு; மலாக்கா நீரிணை என்றே எழுதுகிறார்கள். ஆங்கிலத்தின் 'ஸ்ட்ரெய்ட்' இறுக்கம் என்ற பொருளுள்ள லத்தீன் வேரில் பிறந்தது. அது கடலின் ஒடுக்கத்தைப் பார்க்கிறது, தமிழ் அது எதை எதோடு சேர்க்கிறது என்று பார்க்கிறது. என் கட்சி நீரிணைதான். கரையில் உள்ளவர்களுக்கு இந்தத் தகராறே இல்லை. அவர்களுக்கு அது வெறும் கடல், அந்தப் பக்கம் 'அக்கரை'.

இன்னொரு குழப்பமும் உண்டு. நீரிணை வேறு, அதன் தென்மேற்கே விரியும் பாக்கு விரிகுடா வேறு. நீரிணை அந்த விரிகுடாவை வங்காள விரிகுடாவோடு சேர்க்கிறது. அகலமாய் விரிந்தால் விரிகுடா, நிலத்துக்குள் வளைந்து நுழைந்தால் வளைகுடா. ஆதாம் பாலத்துக்குத் தெற்கே உள்ளது மன்னார் வளைகுடா. குடா என்றாலே வளைவு. தமிழ்நாட்டார் தீபகற்பம் என்பதை நாம் குடாநாடு என்பதும் இந்தச் சொல்லை வைத்துத்தான். கச்சதீவை அண்டிய கடலில் படகு பிடிபட்டால் 'பாக்கு நீரிணையில்' என்று செய்தி வரும். கண்டிப்பாகப் பார்த்தால் கச்சதீவு இருப்பது பாக்கு விரிகுடாவில்.