பத்தியைப் படிக்காமலே பதில் எழுதும் பிள்ளைகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பகுதியில், தமிழ்வழியில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆங்கிலத் தாளில் பத்தி கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கான விடை அந்தத் தாளிலேயே அச்சாகியிருக்கிறது. அப்படியிருந்தும் அங்கே மதிப்பெண் பறிபோவதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

பிள்ளைகள் பத்தியைப் படிப்பதில்லை, தேடுகிறார்கள். "விவசாயி ஏன் மாட்டை விற்றார்?" என்று கேட்டால், மாடு என்ற சொல் வரும் முதல் வரி அப்படியே விடைத்தாளில் ஏறிவிடுகிறது. உண்மையான காரணமோ, இரண்டு வரி தள்ளி, கிணறு வற்றியதைச் சொல்லும் வாக்கியத்தில் இருக்கும். அங்கே மாடு என்ற சொல்லே இருக்காது.

இதற்குச் சோம்பல் காரணமல்ல. ஆங்கில வாக்கியத்தின் போக்கே நம் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. "கிணறு வற்றிப்போன விவசாயி மாட்டை விற்றார்" என்று தமிழில் சொல்லும்போது அடைமொழி முன்னே வருகிறது, வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் விவசாயி முதலில் வருவார், கிணற்றுக் கதை நடுவில் நுழையும், விற்ற செய்தி அதற்குப் பிறகுதான். நடுவில் நுழைந்ததைக் கடக்கும்போது எழுவாய் நழுவிவிடுகிறது. ஆகவே நீண்ட வாக்கியம் வந்தால் பென்சிலால் இரண்டே இடங்களில் கோடிடச் சொல்கிறேன்: யார், என்ன செய்தார். மற்றவை பிறகு.

பிரதிப் பெயர்களிலும் இதே அக்கறை வேண்டும். தமிழில் 'அவர்' என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஷீ' என்று பிரித்தே சொல்லிவிடுகிறார்கள். கையில் கிடைத்த அந்தத் துப்பைப் பிள்ளைகள் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். 'இட்' சில சமயம் ஒரு பொருளையல்ல, முந்தைய வாக்கியம் முழுவதையுமே சுட்டும்.

தெரியாத சொல் ஒன்று வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிடும் பிள்ளையை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம். இதே பிள்ளை சித்தூர் கடைத்தெருவில் மலையாளத்தில் பேரம் பேசும். கேட்ட சொற்களில் பாதிக்குப் பொருள் தெரியாது. முன்னும் பின்னும் வருவதை வைத்து ஊகித்துக்கொள்ளும். அந்தத் திறமை ஆங்கிலத்துக்கும் செல்லும் என்று யாரும் அதற்குச் சொல்லித் தந்ததில்லை. ஒரு சொல் தெரியாவிட்டால் அதன் அடியில் கோடிட்டு, பத்தியை முடிவுவரை படித்துவிட்டுத் திரும்பி வரட்டும். பெரும்பாலும் அதற்குள் பொருள் தெளிந்திருக்கும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கைடில் உள்ள பதில்களை மனப்பாடம் செய்ய வைக்கும் டியூஷனுக்குப் பணம் கட்டாதீர்கள். தேர்வில் பாடநூலில் இல்லாத பத்தியும் வரும். அங்கே மனப்பாடம் கைகொடுக்காது. அதற்குப் பதிலாக, நாளொன்றுக்கு ஒரு சிறிய ஆங்கிலப் பத்தியைப் படிக்கச் செய்து, "என்ன நடந்தது?" என்று தமிழிலேயே கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளை சொல்லும் கதையில் காரணமும் விளைவும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பாருங்கள். பொருந்தாத இடத்தில் "ஏன் அப்படி?" என்று கேட்டால், பிள்ளை தானாகவே பத்திக்குத் திரும்பும். தமிழில் சரியாகச் சொன்ன பிறகு ஆங்கிலத்தில் விடை எழுதினால் போதும்.

கேரள எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கிலத் தேர்வு 80 மதிப்பெண்ணுக்கு இரண்டரை மணி நேரம் நடக்கிறது. எழுதத் தொடங்குவதற்கு முன் வினாத்தாளை வாசிக்க மட்டும் 15 நிமிடம் தருகிறார்கள். பிள்ளைகள் 'கூல் ஆஃப் டைம்' என்று சொல்லும் அந்த நேரத்தில் பலர் கட்டுரைக் கேள்வியைத் தேடிப் புரட்டுகிறார்கள். முதலில் பத்திக்கான கேள்விகளைப் படியுங்கள், பிறகு பத்தியை ஒரு முறை நிறுத்தாமல் படியுங்கள், மறுபடியும் கேள்விகளுக்கு வாருங்கள். மாதிரித் தேர்விலேயே இதைப் பழகிவிட வேண்டும்.