காயில் இருக்கும் தலைக்கு ஒரு சைக்கிள் ஹெல்மெட்

காக்ளியர் இம்பிளான்ட் (காது கேளாதவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து பொருத்தும் செவிக்கருவி) பொருத்திய பிள்ளைகளின் பெற்றோர் மேப்பிங்குக்கு (கருவியின் ஒலி அளவுகளைச் சரிசெய்யும் சந்திப்புக்கு) வரும்போது பேச்சு, பள்ளி, பேட்டரி என்று எல்லாவற்றையும் பேசி முடித்து எழுந்த பிறகுதான் சைக்கிளைப் பற்றிக் கேட்கிறார்கள். "ஹெல்மெட் போட்டால் காயில் கழன்றுவிடுகிறது. காயிலை மாட்டினால் ஹெல்மெட் உட்காரமாட்டேன் என்கிறது. எதை விடுவது?" பிராசசர் என்பது ஒலியை வாங்கிச் செய்தியாக மாற்றும் வெளிக்கருவி. காயில் (coil) என்பது அதனோடு இணைந்து, காந்தத்தால் தலையில் ஒட்டி நிற்கும் வட்டத் துண்டு. ஆடியாலஜிஸ்டாக, அதாவது செவித்திறன் நிபுணராக இருக்கும் எனக்கு இது பழகிய கேள்வி. கேட்பவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கேட்காமல் வீட்டிலேயே முடிவெடுத்துவிடுகிறவர்களைப் பற்றித்தான் கவலை. சிலர் ஹெல்மெட்டை மூலையில் போட்டுவிடுகிறார்கள். சிலர் பிராசசரைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். இன்னும் சிலர் கத்தியை எடுத்து, காயில் உட்காரும் அளவுக்கு ஹெல்மெட்டின் உட்பக்கத்தைக் குடைந்துவிடுகிறார்கள். என்னை மிகவும் பதறவைப்பது இந்த மூன்றாவது வழி.

ஹெல்மெட்டில் முக்கியமான வேலையைச் செய்வது வெளியே பளபளக்கும் ஓடு அன்று. அதற்கு உள்ளே இருக்கும் கெட்டியான நுரை. பெரும்பாலான சைக்கிள் ஹெல்மெட்டுகளில் அது பாலிஸ்டைரீன் நுரை. தலை தரையில் மோதும் கணத்தில் இந்த நுரை நசுங்குகிறது. அப்படி நசுங்கி, மோதலின் ஆற்றலைத் தான் வாங்கிக்கொண்டு, தலை சட்டென்று நிற்காமல் கொஞ்சம் தூரம் சென்று நிற்க இடம் கொடுக்கிறது. அந்தத் தூரம் என்பது நுரையின் தடிமன்தான். ஐரோப்பாவின் இஎன் 1078, அமெரிக்காவின் சிபிஎஸ்சி போன்ற தர முத்திரைகள் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஹெல்மெட்டுக்குத்தான் பொருந்தும். குடைந்த ஹெல்மெட்டை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதிலும், குடைகிற இடம் எது என்று பாருங்கள். காயிலுக்கு நேர் கீழே, தோலுக்கு அடியில்தான் இம்பிளான்ட்டின் உட்கருவி இருக்கிறது. அந்த இடத்தில் நேரடியாக விழும் பலத்த அடி கருவியின் உறையை உடைக்கலாம், காந்தத்தை இடம் பெயரச் செய்யலாம், கருவியை முழுவதுமாகச் செயலிழக்கச் செய்யலாம். அப்படி ஆனால் தீர்வு மறுபடியும் அறுவை சிகிச்சைதான். தலையில் எந்த இடத்தில் நுரை குறையவே கூடாதோ, சரியாக அந்த இடத்தில் கத்தி போகிறது.

நுரையின்மேல் ஒட்டியிருக்கும் மெத்தைத் துண்டுகள் வேறு. அவை தலைக்கு இதமாக இருப்பதற்காக வைத்தவை; பெரும்பாலும் பிய்த்து ஒட்டக்கூடியவை. காயிலுக்கு நேராக வரும் துண்டை எடுத்துவிடலாம், தள்ளி ஒட்டலாம். பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். எடுத்த பிறகு ஹெல்மெட் ஆடாமல் இருக்கிறதா என்று மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

காயிலும் ஹெல்மெட்டும் எங்கே மோதிக்கொள்கின்றன என்பது தலைக்குத் தலை மாறும். காயில் பொதுவாகக் காதுக்கு மேலே, சற்றுப் பின்னால் உட்காரும். ஆனால் துல்லியமான இடம் கருவியின் மாதிரியையும் அறுவை சிகிச்சை செய்த விதத்தையும் பொறுத்தது. ஒருவருக்குச் சரியாக இருந்த ஹெல்மெட்டை இன்னொருவருக்குப் பரிந்துரைப்பதில் பயன் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். காயில் தோலைத் தாண்டி உட்கருவிக்கு ரேடியோ அலைகள் வழியாகச் செய்தி அனுப்புகிறது. அது கொஞ்சம் நகர்ந்தாலோ, தோலிலிருந்து விலகினாலோ ஒலி நின்றுவிடும். ஹெல்மெட்டின் கீழ் விளிம்பும், பின்தலையில் இறுக்கிப் பிடிக்கும் திருகுப்பட்டையும்தான் காயிலை அடிக்கடி தள்ளிவிடுகின்றன.

எனவே ஹெல்மெட்டைப் பிராசசர் அணிந்த தலையில் வைத்துப் பார்த்தே வாங்க வேண்டும். முதலில் புருவத்துக்கு மேலே தலையின் சுற்றளவை அளந்து, அந்த அளவில் தேடுங்கள். காயிலுக்கு இடம் வேண்டுமென்று ஓர் அளவு பெரியதாக வாங்காதீர்கள். விழும்போது தளர்ந்த ஹெல்மெட் பின்னால் சரிந்துவிடும். ஹெல்மெட் முன்னும் பின்னும் சாயாமல் மட்டமாக உட்கார வேண்டும். புருவத்துக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கலாம். பக்கப் பட்டைகள் இரண்டும் காது மடலுக்குக் கீழே சந்திக்க வேண்டும். தாடைப் பட்டைக்குள் ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழைய வேண்டும். பிறகு பிள்ளையைக் கீழே குனியச் சொல்லுங்கள், தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள், வாயை அகலமாகத் திறக்கச் சொல்லுங்கள். காயில் கழல்வதாக இருந்தால் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் பெரும்பாலும் கழன்றுவிடும். பின்பட்டையை மேலும் கீழும் நகர்த்தும் வசதி உள்ள மாதிரிகளில் காயிலுக்கு வழி கண்டுபிடிப்பது எளிது.

விளிம்பு காயிலுக்கு மேலேயே நின்றுவிடும் ஹெல்மெட்டா, காயிலையும் சேர்த்து மூடும் ஆழமான ஹெல்மெட்டா என்று கேட்டால், அழுத்தாமல் இருக்கும் பட்சத்தில் மூடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். உட்கருவி இருக்கும் இடத்தின்மேல் நுரை இருப்பது நல்லது. அழுத்துகிறதா என்பது கடையில் தெரியாது. வீட்டில் அரை மணி நேரம் அணியவைத்து, கழற்றியதும் காயில் இருந்த இடத்துத் தோலைப் பாருங்கள். சிவந்திருந்து, அந்தச் சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால், வலித்தால், அந்த ஹெல்மெட் வேண்டாம். காயில் நிற்கவில்லையே என்று வலிமையான காந்தத்தை நீங்களாகவே மாற்றுவதும் கூடாது. காந்தம் இறுக்கிப் பிடிக்கும் இடத்தில் ஹெல்மெட்டும் சேர்ந்து அழுத்தினால் தோல் புண்ணாகிவிடும். காந்தத்தின் வலிமையை இம்பிளான்ட் மையத்தில் தோலைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாளே ஆனவர்கள், ஹெல்மெட் அணியலாமா என்பதை முதலில் அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேளுங்கள்.

காதின் பின்னால் மாட்டும் பிராசசரில் இன்னொரு தொல்லை, பக்கப் பட்டை அதன்மேல் உரசுவது. பட்டையின் சந்திப்பைக் கீழே இறக்கினால் பாதி குறையும். கருவிக்கு நீண்ட காயில் வயர் கிடைக்குமானால், பிராசசரைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைக் காலரில் கிளிப் போட்டு மாட்டலாம். வயரே இல்லாமல் தலையில் ஒட்டிக்கொள்ளும் ஒற்றைத்துண்டுப் பிராசசர்கள் காயிலைவிடத் தடிமனானவை. மைக்கும் அதிலேயே இருப்பதால் ஹெல்மெட்டுக்கு அடியில் போனால் ஒலி மங்கிவிடும். அவற்றுக்கு விளிம்பு உயர்ந்த ஹெல்மெட்டே பொருந்தி வரும். எந்த வகையானாலும் பாதுகாப்புக் கயிற்றைச் சட்டையோடு இணைத்துவிடுங்கள். பிராசசர் தொலைவது பெரும்பாலும் ஓட்டும்போது அன்று, ஹெல்மெட்டைக் கழற்றும்போது. முதலில் பட்டையைத் திறந்து, காயிலின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, ஹெல்மெட்டை முன்புறமாகத் தூக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏற்படுத்துங்கள்.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை. ஆ, ஊ, ஈ, ஸ், ஷ், ம் என்ற ஆறு ஒலிகளை, பிள்ளைக்குக் கேட்கிறதா என்று நீங்கள் தினமும் காலையில் சொல்லிப் பார்ப்பீர்கள் அல்லவா? அதையே ஹெல்மெட் அணிந்த பிள்ளையின் பின்னால் நின்று, உதடு தெரியாமல் சொல்லுங்கள். ஹெல்மெட் இல்லாமல் கேட்ட ஒலி ஹெல்மெட்டோடு கேட்கவில்லையென்றால் காயில் விலகியிருக்கிறது அல்லது மைக் மூடியிருக்கிறது. ஓட்டும்போது காற்றின் இரைச்சல் தனித் தொல்லை. சில பிராசசர்களில் அதைக் குறைக்கும் வசதி உண்டு. அடுத்த மேப்பிங்கில் நினைவாகக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்தாலும், ஒரு காதில் மட்டும் இம்பிளான்ட் உள்ளவருக்கு வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒலியை வைத்துச் சொல்வது மிகக் கடினம். ஹாரன் கேட்கும், திசை தெரியாது. ஆகவே கைப்பிடியில் பின்பக்கக் கண்ணாடி வையுங்கள். திரும்புவதற்கு முன் தலையைத் திருப்பிப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். இன்றைக்கு ஹெல்மெட்டும் பிராசசரும் ஒன்றாக அமையவில்லை, ஒன்றைத்தான் அணிய முடியும் என்றால் ஹெல்மெட்டைத்தான் அணிய வேண்டும். காது கேளாதவர்கள் கண்ணை நம்பிச் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் சிறு பிள்ளை அப்படி ஓட்டுவதானால் வண்டிகள் வராத இடத்தில், பெரியவர் ஒருவர் பார்வையில் ஓட்ட வேண்டும்.

பலர் யோசிக்காத இன்னொன்று சமநிலை. கேட்கும் உறுப்பும் உடலின் சமநிலையை உணரும் உறுப்பும் உட்காதில் அடுத்தடுத்து இருக்கின்றன. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளில் கணிசமானவர்களுக்குச் சமநிலை உணர்வும் குறைவு. அவர்கள் நடக்கத் தாமதமாகியிருக்கலாம், இருட்டில் தடுமாறலாம், சைக்கிள் பழக நெடுநாள் ஆகலாம். சமநிலைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இம்பிளான்ட் செயலிழக்கும் வாய்ப்பு அதிகம் என்று 2015இல் வெளியான ஒரு கனடிய ஆய்வு காட்டியது. அவர்கள் அடிக்கடி விழுந்து தலையில் அடிபடுவது இதற்குக் காரணமாக இருக்கலாம். உங்கள் பிள்ளை அளவுக்கு அதிகமாக விழுகிறாள் என்றால் "பயந்தாங்கொள்ளி" என்று சொல்லாதீர்கள். சமநிலைப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கென்று பயிற்சிகள் உண்டு.

விழுந்துவிட்டால் முதலில் பிள்ளை, பிறகுதான் கருவி. மயக்கம், வாந்தி, குறையாத தலைவலி, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் இருந்தால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இம்பிளான்ட் இருக்கிறது என்பதை அங்கே முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சிடி ஸ்கேனுக்கு இம்பிளான்ட் தடையில்லை. எம்ஆர்ஐக்கு முன் மட்டும் கருவியின் மாதிரியைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். உள்ளே காந்தம் இருக்கிறது. அந்த விவரம் உள்ள அடையாள அட்டை வீட்டு அலமாரியில் இருந்தால் உதவாது, பிள்ளையின் பையில் இருக்க வேண்டும். உட்கருவி இருக்கும் இடம் வீங்கினால், ஒலி நன்றாகக் கேட்டாலும் அன்றைக்கே இம்பிளான்ட் மையத்தைக் கூப்பிடுங்கள். ஒலி நின்றுவிட்டால் அல்லது விட்டுவிட்டு வந்தால் முதலில் பேட்டரியையும் காயில் வயரையும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் சரியாகவில்லை, காயில் ஒட்டவில்லை, முகம் துடிக்கிறது என்றால் அடுத்த மேப்பிங் தேதி வரை காத்திருக்க வேண்டாம். உட்கருவியின் நிலையை மையத்தில் கணினியில் இணைத்து, அறுவை சிகிச்சை இல்லாமலேயே சோதிக்க முடியும்.

மோதலைத் தாங்கிய ஹெல்மெட்டில் வெடிப்பு எதுவும் தெரியாவிட்டாலும் அதை மறுபடி அணியக் கூடாது. நசுங்கிய நுரை பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. அதை வீட்டில் அடுத்த பிள்ளைக்கென்று எடுத்து வைக்கவும் வேண்டாம்.