மூளையில் காசநோய்: மாத்திரையும் பணமும் எத்தனை மாதம்?

காசநோய்க்கு ஆறு மாத மாத்திரை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நோய் மூளையைச் சுற்றியுள்ள உறையில் வந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. குறைந்தது 9 மாதம், பலருக்கு 12 மாதம். "எதிர்வீட்டு அண்ணன் ஆறு மாசத்துலயே நிறுத்திட்டாரே" என்று சம்பா நடவைப் பார்க்கப் போய்விடுபவர்கள்தான் மறுபடி படுக்கிறார்கள்.

முதலில் ஆஸ்பத்திரிப் படுக்கை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மூளை வீக்கம் தணிய ஸ்டீராய்டும் சில வாரம் தருவார்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம் வீட்டிலிருந்தே மாத்திரை. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் தருவார்கள். முதல் 2 மாதம் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புட்டால் நான்கும் ஒரே மாத்திரைக்குள். எத்தனை மாத்திரை என்பதை எடை மேடைதான் சொல்லும்: பெரியவர்களில் 35 முதல் 49 கிலோவுக்கு 3, 50 முதல் 64 கிலோவுக்கு 4. உடம்பு தேறி எடை கூடினால் எண்ணிக்கையும் கூடும். நோய் முற்றிவிட்டதாக நினைத்துக் கலங்க வேண்டாம். சிறுநீர் ஆரஞ்சாகப் போவது ரிஃபாம்பிசினின் நிறம், ரத்தமில்லை. ஆனால் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்றாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

சரி, பணம். மத்திய அரசின் நிக்சய் போஷன் யோஜனா திட்டத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வீதம் நோயாளியின் வங்கிக் கணக்கில் விழும். 2018-இல் 500 ரூபாயாகத் தொடங்கியது, 2024 நவம்பரில் இரட்டிப்பானது. சிகிச்சை ஆறு மாதத்தைத் தாண்டினால் தாண்டும் மாதங்களுக்கும் உண்டு. இதைக் கேட்டு வாங்க வேண்டும், பலர் கேட்பதில்லை. தனியார் டாக்டரிடம் பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். அவர் நோயைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். பதிவானால் நிக்சய் எண் ஒன்று கிடைக்கும். ஆதாரும் பாஸ்புக்கும் கொடுத்தும் பணம் ஏறவில்லை என்றால் அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். கட்டணமில்லா தொலைபேசி: 1800 11 6666.

அறுவடை முடிந்து திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் சுகாதார நிலையத்தில் சொல்லிவிட்டால், அதே நிக்சய் எண்ணிலேயே சிகிச்சையை அங்கே மாற்றித் தருவார்கள். மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.