இன்சுலினை நிறுத்திவிட்டு அறுவை சிகிச்சைக்கு வராதீர்கள்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த பிறகு, யாரிடமும் கேட்காமல் இன்சுலினை நிறுத்திவிட்டு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்த்து வருவதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அண்மையில் வந்த ஓர் அம்மாவின் குறிப்பேட்டில், காலையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 312, மறுநாள் 338 என்று அவருடைய மகள் எழுதி வைத்திருந்தார். இன்சுலின் பேனா பிரிக்கப்படாமல் கைப்பையிலேயே இருந்தது. கேட்டதற்கு, "ஊசி போடுறவங்களுக்கு ஆபரேஷன் பண்ணாலும் சர்க்கரை போகாதாமே, டாக்டர்" என்றார்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உருவாகி 2014-இல் வெளியான டயாரெம் என்ற கணக்கீடு, இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் சர்க்கரை நோய் தணியுமா என்பதைக் கணிக்க, வயது, எச்பிஏ1சி (கடந்த சுமார் மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), மாத்திரைகளின் வகை, இன்சுலின் ஆகிய நான்கையும் வைத்து 0 முதல் 22 வரை மதிப்பெண் தருகிறது. மதிப்பெண் குறையக் குறைய, நோய் தணியும் வாய்ப்பு கூடும். அதில் இன்சுலினுக்கு மட்டுமே 10 மதிப்பெண் என்பதைக் கேள்விப்பட்டவர்கள், ஊசியே தடை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் பல ஆண்டுகளில் நலிந்து போனதால்தான் உங்களுக்கு ஊசி தேவைப்பட்டது. அந்த நலிவைத்தான் அந்த 10 மதிப்பெண் சுட்டுகிறது. ஊசியை நிறுத்தினால் தாளில் இருக்கும் எண் மாறலாம், செத்த செல் ஒன்றுகூடத் திரும்பி வராது. ஏறி நிற்கும் சர்க்கரை, மிச்சமிருக்கும் செல்களையும் முடக்கும். இதே காரணத்துக்காக, தேவைப்படும் இன்சுலினைத் தொடங்காமல் தள்ளிப்போடுவதும் தவறுதான்.

எடை அதிகமாக இருப்பவருக்குத்தான் சர்க்கரை நன்றாகக் குறையும் என்பார்கள். டயாரெம் கணக்கில் எடைக்கு இடமே இல்லை. தைவானில் உருவான ஏபிசிடி மதிப்பெண்ணில் உடல் நிறை குறியீடு (பிஎம்ஐ) இருந்தாலும், வயது, நோயின் காலம், கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்பதைக் காட்டும் சி-பெப்டைடு ஆகியவையும் உடன் சேர்கின்றன. (சர்க்கரை மிக அதிகமாக இருக்கும்போது எடுக்கும் சி-பெப்டைடு உண்மையைவிடக் குறைத்துக் காட்டக்கூடும், கட்டுக்குள் கொண்டுவந்த பிறகு எடுப்பதே முறை.)

மருந்தின்றிக் குறைந்தது 3 மாதங்களுக்கு எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்தது என்கிறோம். அதுவும் நிரந்தரமன்று. ஸ்வீடனில் நடந்த நீண்டகால ஆய்வில், அறுவை சிகிச்சை பெற்ற சர்க்கரை நோயாளிகளில் 2 ஆண்டுகளில் 72 விழுக்காட்டினருக்குத் தணிந்திருந்த நோய், 10 ஆண்டுகளில் 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே தணிந்த நிலையில் இருந்தது. ஆகவே, தணிந்தவர்களும் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வந்தே ஆக வேண்டும். மதிப்பெண் அதிகமாக வந்தவர்களும் மனம் தளர வேண்டாம்; நோய் முழுவதும் தணியாவிட்டாலும், மருந்தின் தேவை பெரும்பாலும் குறையும்.

அறுவை சிகிச்சைக்கு முன் கண் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே உள்ள விழித்திரைப் பாதிப்பு மோசமாகலாம். டாபாக்லிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சில நாட்கள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எப்போது என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இன்சுலினை ஏற்கெனவே நிறுத்தியிருப்பவர்கள், தயவுசெய்து இன்றே அவரை அழைத்து, நிறுத்திய தேதியையும் வீட்டில் பார்த்த அளவுகளையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.